புது ஸ்டாஃப் நர்சுகளுக்கு: வார்டு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

புது பேட்ச் இன்று டியூட்டியில் சேர்ந்தது. ஆஃபர் லெட்டரில் சம்பளத்துக்குக் கீழே உள்ளதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்: பாண்ட் (இடையில் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்) எத்தனை மாதம், விலகுவதற்கு முன் தர வேண்டிய நோட்டீஸ் எத்தனை நாள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. நர்சிங் கவுன்சில் பதிவில் இனிஷியல் ஒற்றை எழுத்தாகவும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால், வெளிநாட்டு வெரிஃபிகேஷன் அதிலேயே சிக்கும். திருத்துவதை இப்போதே தொடங்கிவிடலாம்.

மார்ச் 19, புதன்

லாக் புக், அதாவது செய்த வேலைகளைக் குறித்துவைக்கும் நோட்டு. தேதி, செய்த வேலை, மேற்பார்வையிலா தனியாகவா, இன்சார்ஜ் கையெழுத்து. நான்கு கட்டம் போதும். நோயாளியின் பெயரோ ஐபி (உள்நோயாளி) நம்பரோ கூடாது. கையெழுத்தை அன்றன்றே வாங்க வேண்டும். இன்சார்ஜ் மாறிப் போனால் பழைய பக்கங்களுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

"ஐசியூ கேர்" என்று எழுதுவது வீண். "நார்அட்ரினலின் சிரிஞ்ச் மாற்றம், இரண்டு பம்ப்" என்று எழுதினால் அதில் விஷயம் இருக்கிறது. பிபியை இறங்காமல் பிடித்து வைக்கும் அந்த மருந்தின் விளைவு, நிறுத்திய சில நிமிடங்களில் அடங்கிவிடும். சிரிஞ்ச் தீர்ந்த பிறகு அடுத்ததை லோட் செய்தால் அதற்குள் பிபி இறங்கிவிடும். அதனால் அதே அடர்த்தியில் இரண்டாவது சிரிஞ்சைத் தயாரித்து, லேபிள் ஒட்டி, மருந்தைச் சீராகச் செலுத்தும் இன்னொரு பம்பில் முன்கூட்டியே வைக்க வேண்டும். இன்டர்வியூவில் இதைக் கேட்பார்கள். செய்தவருக்கும் பார்த்தவருக்கும் பதிலிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் "ஸ்டாஃப் நர்சாகப் பணிபுரிந்தார்" என்ற ஒற்றை வரி பயன்படாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, துறை, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை எல்லாம் வேண்டும். எய்ம்ஸுக்கு நர்சுகளை எடுக்கும் நார்செட் தேர்வுக்கு, ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்தவர்களிடம் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பிஎஸ்சி முடித்தவர்களுக்கு அது தேவையில்லை. எம்எஸ்சிக்கு ஓராண்டு அனுபவம் வேண்டும். கிரிட்டிகல் கேர் நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்புக்கும் ஓராண்டுதான், ஐசியூ அனுபவமாக இருந்தால் நல்லது. ரொட்டேஷன் (வார்டு மாற்றம்) கேட்கும்போதே இதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

மே 12, திங்கள்

செவிலியர் தினம். கேக்கோடு சிஎன்இ (தொடர் நர்சிங் கல்வி) வகுப்பும் நடக்கும் நாள். இந்த வகுப்புகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு 5 ஆண்டுக்கு 150 மணி நேரம், அதாவது 30 கிரெடிட். கவுன்சில் அனுமதியும் கிரெடிட்டும் அச்சாகாத சர்டிபிகேட் சுவரில் மாட்டத்தான் உதவும்.

ஓஇடி, அதாவது வெளிநாட்டு வேலைக்காக மருத்துவத் துறையினர் எழுதும் ஆங்கிலத் தேர்வுக்கு அவசரம் வேண்டாம். ரிசல்ட்டைப் பொதுவாக 2 ஆண்டுதான் ஏற்பார்கள். சேர்ந்தவுடன் எழுதினால் பாண்ட் முடிவதற்குள் காலாவதியாகிவிடலாம். பிரிட்டனுக்கு ரைட்டிங்கில் சி பிளஸ் கிரேடு, ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி கிரேடு வேண்டும். பெரும்பாலும் இடறுவது ரைட்டிங்கில்தான்: தேர்வில் தரும் கேஸ் நோட்ஸில் (நோயாளி பற்றிய குறிப்புகளில்) உள்ள எல்லாவற்றையும் கடிதத்தில் கொட்டிவிடுகிறார்கள்.