ஒடிசா பேரவையில் ஒரு வணக்கம்

இன்று காலை கைப்பேசியில் அந்தப் பழைய காணொளி மீண்டும் கண்ணில் பட்டது. 2024 ஜூன் மாதம், ஒடிசா சட்டப்பேரவையில் உறுப்பினர்கள் பதவியேற்ற நாள்.

முன்னாள் முதல்வர் நவீன் பட்நாயக் அருகில் வந்ததும், காண்டாபாஞ்சி தொகுதியில் அவரைத் தோற்கடித்த பாஜகவின் லட்சுமண் பாக் எழுந்து நின்று வணங்குகிறார். ஓ, நீங்கள்தான் என்னைத் தோற்கடித்தவரா என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு, பட்நாயக்கும் கைகூப்புகிறார்.

முகத்தில் கடுகளவும் கசப்பு இல்லை.

24 ஆண்டுகள் முதல்வராக இருந்தவர், போட்டியிட்ட இரண்டு தொகுதிகளில் ஹிஞ்சிலியில் மட்டும் வென்று, அதே அவையில் எதிர்க்கட்சித் தலைவரானார். 147 இடங்களில் அவருடைய பிஜு ஜனதா தளத்துக்குக் கிடைத்தவை 51. மக்களவையில் ஒன்றுகூட இல்லை.

ஒடியா மொழியைச் சரளமாகப் பேசாத தலைவரை ஐந்து தேர்தல்களில் ஏற்றுக்கொண்ட மக்கள், தமிழ்நாட்டில் பிறந்த முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி வி.கே. பாண்டியனின் கைக்குக் கட்சி போகிறது என்ற பேச்சை ஏற்கவில்லை என்றே நினைக்கிறேன். (நம்மவர் என்பதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை.)

தோல்வியைக் கண்ணியமாக ஏற்கத் தெரிந்தவருக்கு எதிர்க்கத் தெரியுமா என்பதுதான் என் ஐயம். நாடாளுமன்றத்தில் பல முக்கியத் தருணங்களில் மோடி அரசுக்குக் கைகொடுத்த கட்சி அது. ஆட்சியை அதே பாஜகவிடம் பறிகொடுத்த பிறகும், 2025 செப்டம்பரில் நடந்த குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கியே நின்றது.