ஜாம் ஆன ரோடு ரோலர் எஞ்சினைச் சுற்ற வைத்த அனுபவம்

கோத்தகிரி பக்கம் ரோடு வேலை பார்க்கும் எங்களிடம் 8-10 டன் வகைப் பழைய ரோடு ரோலர் ஒன்று இருக்கிறது. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். வேலை இல்லாமல் தேயிலைத் தோட்ட ஓரத்தில் மழைக்காலம் முழுக்க நின்றதில் எஞ்சின் சுற்றவே முடியாமல் இறுகி ஜாம் ஆகிவிட்டது. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"இறக்கத்தில் உருட்டிக் கியர் போடுங்கள், பிடித்துக்கொள்ளும்" என்றார்கள் பலர். மலையில் ஜீப்புக்கும் லாரிக்கும் செய்கிற பழக்கம் அது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவில் ஒட்டியிருக்கும்போது அத்தனை டன் எடையும் கிராங்கைத் திருகினால் ரிங் உடையும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராட் வளையும். பிரேக்கை நம்ப முடியாத வண்டி என்றால் ஆளுக்கே ஆபத்து.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் முதலில் கேட்டது, "கடைசியாக எப்படி நிறுத்தினீங்க?" ஓடும்போது சூடாகி நின்ற எஞ்சின் என்றால் பிஸ்டனோ பேரிங்கோ உருகிப் பிடித்திருக்கும், அதைப் பிரித்தே ஆக வேண்டும். எங்களுடையது நன்றாக ஓடி, நாங்களே நிறுத்தியது. அப்படியானால் துருதான் என்று அவர் சந்தேகப்பட்டார். ஆனாலும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஃபேன் பெல்ட்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தோம். செல்ஃப் பினியன் ஃப்ளைவீல் பல்லில் சிக்கினாலும் எஞ்சின் ஜாம் ஆனது போலவே இருக்கும். இங்கே அது இல்லை.

எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சம்பின் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர், பிறகுதான் கறுப்பு ஆயில். ஆயிலில் உலோகத் தூள் மினுங்கவில்லை என்பது பெரிய நிம்மதி. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி ஓட்டை வழியாகக் கம்பி விட்டால் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் செம்மண் போலத் துருச்சேறு. எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்துதான் இருக்கும். மூன்றாவதன் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கிறது. சைலன்சர் வாயில் கவிழ்த்திருந்த டப்பா காற்றில் போய்விட, வடகிழக்கு மழை நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிய மழை.

டியூப் விட்டுத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, டீசலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து மூன்று சிலிண்டரிலும் ஊற்றினோம். மண்ணெண்ணெய் சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதால் அண்ணன் அதைச் சேர்க்கவில்லை. அப்புறம் காத்திருப்புதான். தினமும் அளவு பார்ப்போம், இறங்கியிருந்தால் ஊற்றுவோம். அளவு இறங்குவது நல்ல அறிகுறி. கலவை ரிங்கைத் தாண்டிச் சம்புக்குள் போகிறது என்று அர்த்தம்.

அந்த நாட்களில் செய்த இன்னொரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் கவரைத் திறந்து ஒவ்வொரு வால்வையும் அழுத்திப் பார்த்தோம். மூன்றாவதன் எக்ஸாஸ்ட் வால்வு, அதன் தண்டு ஓடும் கைடில் இறுகி மேலே வரவில்லை. அப்படியே கிராங்கைச் சுற்றியிருந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடித்திருக்கும். ராக்கரைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மரக்கட்டையால் மெதுவாகத் தட்டித் தட்டித்தான் அது இளகியது.

ஒரு வாரத்துக்கு மேல் ஊறிய பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் பாக்ஸ் ஸ்பானரும் நீளப் பைப்பும் போட்டோம். ஃப்ளைவீலில் சாக்பீஸ் கோடு. ஒரே ஆள், மிதமான அழுத்தம், முன்னும் பின்னும். முதலில் கோடு அரைப் பல் நகர்ந்தது. அதற்குமேல் அழுத்தாமல் பின்னால் கொண்டுவந்து, மறுபடி முன்னால். பொழுது சாயும்போது முழுச்சுற்று வந்தது. நாசில் ஓட்டையிலிருந்து கலவை பீய்ச்சி அடிக்கும். முகத்தை விலக்கியே வைக்க வேண்டும்.

உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, நாசில் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் ஏறுவதைப் பார்த்தோம். டீசல் டேங்கின் அடியில் நின்ற தண்ணீரை வடித்தோம். டீசல் பம்பில் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் தடையில்லாமல் நகர்கிறதா என்று கையால் பார்த்தோம். அது திறந்த நிலையில் ஒட்டியிருந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். அதனால் காற்று உறிஞ்சும் வாயை அடைக்க ரப்பர் ஒட்டிய பலகையோடு ஒருவர் பக்கத்திலேயே நின்றார். நாசில்களைப் பூட்டி, டீசல் ஃபில்டரிலும் பம்பிலும் சிக்கிய காற்றை வெளியேற்றி, நாசில் நட்டுகளில் டீசல் வந்ததும் இறுக்கினோம்.

பிடித்தது! வெள்ளைப் புகையும் தட்டல் சத்தமுமாக இரண்டு சிலிண்டரில் ஓடியது. நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் மூன்றாவதற்கு மட்டும் சத்தம் மாறவில்லை, அது எரியவில்லை என்று அர்த்தம். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிசு, கம்ப்ரஷனும் குறைந்த சிலிண்டர் குளிரில் எரியத் தயங்கும். சூடேறச் சூடேற அதுவும் சேர்ந்துகொண்டது. கலவை இறங்கி ஆயில் நீர்த்திருக்கும் என்பதால் கொஞ்ச நேரம் ஓட்டி அந்த ஆயிலையும் மாற்றினோம்.

மூன்றாவது சிலிண்டர் இன்னும் முழுபலத்தில் இல்லை, ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறது. இப்போதைக்கு லேசான வேலைக்கு மட்டும் ஓட்டுகிறோம். அடுத்த வெயில் காலத்தில் ஹெட்டை இறக்கி லைனர், பிஸ்டன் செட் மாற்றப் போகிறோம். சைலன்சர் வாய்க்கு டப்பாவை எடுத்துவிட்டு, கீல் வைத்த இரும்பு மூடி வெல்டிங் செய்தாகிவிட்டது.