ஒருவரை இருமுறை எண்ணாத வருகை வரைபடம்

காலை அமர்வுக்கு 40 பேர், மாலை அமர்வுக்கு 35 பேர், இரண்டுக்கும் வந்தவர்கள் 25 பேர் என்றால், முதல் இரண்டு எண்களையும் எக்செல்லில் அடுக்குப் பட்டையாகப் போட்டதும் அது 75-ஐத் தொட்டு நிற்கும். உண்மையில் வந்தவர்கள் 50 பேர்தான். வரைபடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, கொடுத்ததைத்தான் அது கூட்டுகிறது.

ஆகவே துணை நெடுவரிசைகளில் காலை மட்டும் 15, இரண்டும் 25, மாலை மட்டும் 10 எனப் பிரித்து, இதே வரிசையில் அடுக்க வேண்டும். 'இரண்டும்' நடுவில் இருப்பதால், கீழிரு துண்டுகள் காலை வருகையையும் மேலிரு துண்டுகள் மாலை வருகையையும் அப்படியே காட்டிவிடும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி.

மூன்றாவது அமர்வு வந்தால் பிரிவுகள் 7 ஆகிவிடும். அப்போது அடுக்குவதைக் கைவிட்டு, அமர்வுக்கு ஒரு பட்டை வரைந்து, மொத்தத்தைத் தனியே எழுதிவிடுவதே நல்லது.