24 டிகிரி: ஒரு சிறு படம் மதுரைத் திரைக்குப் போன கதை

தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டு உப்பளங்களில் இரண்டு கோடை அலைந்து எடுத்த ஆவணப்படம். நீளம் 22 நிமிடம். எடிட்டிங் முடிந்ததும் பாரம் இறங்கியது என்றுதான் நினைத்தேன். அது மதுரை ஆவணப்பட, குறும்பட விழாவில் ஓட அதன்பின் ஐந்து மாதம் ஆனது. கையில் படத்தை வைத்துக்கொண்டு அடுத்து எங்கே போவது என்று கேட்பவர்களுக்காக அந்த ஐந்து மாதத்தை எழுதுகிறேன்.

மதுரைக்கு முன்னால் ஒரு தவறு செய்தேன். விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே இணையதளத்தில் விழாக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மாதாமாதம் சர்வதேச விருது அறிவிக்கும் ஒன்றுக்கு 25 டாலர் கட்டினேன். பத்தே நாளில் 'சிறந்த ஆவணப்படம்' என்று சான்றிதழ் வந்தது. கோப்பை வேண்டுமென்றால் தனிக் கட்டணமாம். எந்த அரங்கில் திரையிட்டீர்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதினேன், பதில் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் போன ஆண்டு அங்கே என்னென்ன படங்கள் ஓடின என்று பாருங்கள். ஆட்கள் உட்கார்ந்து படம் பார்க்கும் புகைப்படம் ஒன்றாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

மதுரை விழா எனக்குப் புதியதல்ல. ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதனின் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் நடத்திவரும் விழா அது. ஆவணப்படம் என்பது செய்திப்படம் அல்ல என்று கல்லூரி நாட்களில் நான் தெரிந்துகொண்டது அங்கேதான். என் படம் போகவேண்டிய இடமும் அதுதான் என்று தோன்றியது.

ஆங்கில சப்டைட்டிலை இரண்டு இரவில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் இழுத்தது. படத்தில் ஓர் அக்கா பாத்தியைக் குனிந்து பார்த்துவிட்டு, "24 டிகிரி வந்துவிட்டது தம்பி, இனி உப்பு விளையும்" என்கிறார். முதல் பிரதியைப் பார்த்த மலையாள நண்பர், "24 டிகிரிதானா? அவ்வளவு குளிர்ச்சியாகவா இருந்தது?" என்று கேட்டார். அளத்தில் டிகிரி என்றால் வெயில் அல்ல, உப்புநீரின் அடர்த்தி. மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வரும் கடல்நீர் வெயிலில் சுண்டிச் சுண்டி 24, 25-ஐத் தொடும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். இவ்வளவையும் திரையில் மூன்று நொடி நிற்கும் இரண்டு வரிக்குள் சொல்ல வேண்டும். டிகிரியை விட்டுவிட்டு 'நீர் கெட்டிப்பட்டுவிட்டது' என்று மாற்றினேன்.

'விளையும்' அதைவிடப் பாடுபடுத்தியது. நமக்கு நெல்லும் விளைகிறது, உப்பும் விளைகிறது. 'உருவாகும்' என்று போட்டால் பொருள் வந்துவிடும், அக்காவின் வயல் காணாமல் போய்விடும். கடைசியில், கனியும் என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைப் போட்டேன். இன்றைக்கும் அதில் எனக்கு முழு நிறைவு இல்லை.

அடுத்து ஒரு தொழில்நுட்பச் சிக்கல். நான் படம்பிடித்தது நொடிக்கு 25 ஃபிரேம். திரையரங்குப் பிரதி எடுத்தபோது அது 24 ஆகிவிட்டது; சப்டைட்டில் கோப்பு பழைய கணக்கிலேயே இருந்தது. தொடக்கத்தில் சரியாகத் தெரிந்தது, கடைசிக் காட்சியில் எழுத்து பேச்சைவிட ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்னால் ஓடியது. முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்ததால் தப்பித்தேன். நீங்களும் அனுப்புவதற்கு முன் கடைசி நொடிவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேர்வான செய்தி வந்ததும் அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். விழா டிசம்பரில். மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது, வீட்டில் பணமும் இருக்காது. ஆனாலும் வருகிறேன் என்றார். பஸ்ஸில் மூன்று மணி நேரம். இருட்டில் தன் முகம் திரை நிறைய வந்தபோது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

படம் முடிந்து பேசும் நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, கருவி இல்லாமல் 24 டிகிரி என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் மைக்கை அக்காவிடம் கொடுத்தேன். "காலில் வெடிப்பு இருக்கிறது அல்லவா, அது எரிகிற எரிச்சலிலேயே தெரியும் கண்ணு" என்றார்.

இரண்டு கோடை அவர் பக்கத்திலேயே இருந்தும் நான் இதைக் கேட்கவில்லை. பிப்ரவரியில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். கேமராவோடு மறுபடி முள்ளக்காடு போகிறேன்.