குதிரையின் கழுத்து

ஜூலை 8, 2024

வகுப்புக்காகச் செய்யும் மண்குதிரையின் கழுத்தில் மறுபடியும் விரிசல்.

ஜூலை 9

குயவர் வேளார் ஐயா விரிசலில் நகத்தை நுழைத்துப் பார்த்தார். “தலைக்கும் உடம்புக்கும் ஒரே ஈரம் இருக்கணும் டீச்சர்.” தலையை முந்தைய நாளே செய்து வைத்துவிட்டேன், அது பாதி காய்ந்து சுருங்கிய பிறகு ஈரமான உடலில் ஒட்டியதால், பின்னால் சுருங்கிய உடல் அதை விட்டு விலகிக்கொண்டது. வகுப்புக் குறிப்பேட்டில் இதை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 11

காய்ந்த உருண்டைகளின்மேல் வெள்ளை பூத்திருக்கிறது. கடலுக்கு இத்தனை அருகில் உள்ள கண்மாய் மண்ணில் உப்பு இருக்கத்தான் செய்யும். மண்ணிலுள்ள நீர், கரைந்த உப்பை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து விட்டுத் தான் மட்டும் ஆவியாகிவிடுகிறது. அண்டாவில் மண்ணைக் கரைத்து, தெளிந்த மேல்நீரை இறுத்து, நல்ல தண்ணீர் ஊற்றி மீண்டும் கரைத்தேன். முதல் முறை விரைவில் தெளிந்தது. உப்புக் குறையக் குறைய மண் அடியில் படியும் நேரம் நீள்கிறது. நான்காம் முறைக்கு இரவு முழுவதும் காத்திருக்க வேண்டும். தண்ணீர் லாரி வராத வாரத்தில் நான்கு அண்டாத் தண்ணீர் என்பது கொஞ்சமல்ல. ஆனாலும் பிள்ளைகள் கையில் உப்பு மண்ணைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஜூலை 13

கச்சான் எனும் மேல்காற்று நிற்கவில்லை. மண்மேல் போர்த்திய நனைத்த சாக்கு ஒரு மணி நேரத்தில் மொடமொடக்கிறது.

ஜூலை 14

நாள் முழுவதும் பிசைந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் தந்த தங்கூசி (மீன்பிடி நைலான் நரம்பு) துண்டால் உருண்டையை அறுத்தால், வெட்டிய முகத்தில் கடுகளவு குழிகள் தெரிகின்றன. அவை காற்று அடைபட்ட இடங்கள். இரு பாதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து, பிசைந்து, மறுபடி அறுத்து, குழியே இல்லாத முகம் வருவதற்கு 20 முறை ஆயிற்று. சூளையில் பொம்மை வெடிப்பதற்குக் காற்றைவிடக் காயாத ஈரமே பெரிய காரணம். 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே மாட்டிக்கொண்ட நீர் ஆவியாகி வழி தேடுகிறது. ஆகவே உடலைக் குடைந்து, சுவரை விரல் தடிமனுக்குக் கொண்டுவந்து, வயிற்றில் ஒரு துளையும் இட்டேன். கழுத்தைத் தொடவில்லை.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. அய்யனார் கோயில் புரவிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆள் உயரப் புரவியை ஒரே மூச்சில் எழுப்புவதில்லை என்றும், கால்கள் பாரம் தாங்கும் அளவுக்கு இறுகிய பின்னரே உடலை ஏற்றுவதாகவும், கழுத்தும் தலையும் அதற்குப் பிறகுதான் என்றும் ஐயா சொன்னார். நான் அவசரப்பட்டிருக்கிறேன்.

ஜூலை 20

தலையும் உடலும் இரண்டு இரவுகள் ஒரே சாக்குக்குள் இருந்தன. இன்று பனைமட்டைக் கருக்கால் இரண்டிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மண்குழம்பு தடவி, இலேசாகத் திருகி அழுத்தினேன். சுற்றிலும் பிதுங்கிய குழம்பைக் கட்டைவிரலால் நீவி மடித்தேன். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டியபோது இந்தப் பிடிப்பு இருந்ததில்லை. மெல்லிய காதுகள் முதலில் காய்ந்துவிடாமல் ஈரத்துணி சுற்றியிருக்கிறேன்.

ஜூலை 22

நாளை மூன்றாம் பாடவேளை. 42 பிள்ளைகள், ஒரு அண்டா மண்.

ஜூலை 23

விடியற்காலை. சாக்கை இன்னும் பிரிக்கவில்லை.