ஈர உப்பும் ஊதாக் கறையும்

ஆண்டுதோறும் நான் தவறாமல் செய்துகாட்டும் சோதனை ஒன்று உண்டு. 9 வோல்ட் பேட்டரி, ஒரு மின்தடை, சின்னஞ்சிறு எல்.இ.டி. விளக்கு, இரண்டு கார்பன் தண்டுகள். உலர்ந்த உப்பில் தண்டுகளைச் செருகினால் விளக்கு எரியாது. அதே உப்பை நீரில் கரைத்தால் எரியும். எந்த இடத்தில் பேச்சை நிறுத்தி வகுப்பை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்பதுவரை எனக்கு மனப்பாடம்.

ஒரு மழைநாளில் அந்த மனப்பாடம் காலை வாரிவிட்டது. "திண்ம உப்பு மின்சாரத்தைக் கடத்தாது" என்று கரும்பலகையில் முன்கூட்டியே எழுதிவிட்டுத் தண்டுகளைச் செருகினேன். விளக்கு மங்கலாக எரிந்தது. முன்வரிசை மாணவி ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "சார், எரிகிறதே!"

தண்டுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்த்தேன். இல்லை. உப்பை விரலில் எடுத்தபோதுதான் புரிந்தது, பிசுபிசுவென்று ஒட்டியது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். மெக்னீசியம் குளோரைடு கலந்த சாதாரண உப்பு அதற்கும் முன்பே கசியத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பரலின் மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்புக்கரைசல் படலம் ஒன்று படிந்திருந்தது. விளக்கை எரித்தது அந்தப் படலம்தான்.

உப்பை அடுப்பில் 110 டிகிரியில் உலர்த்தி மறுநாள் மீண்டும் செய்தேன். எரியவில்லை. எனக்கு நிம்மதி, அவளுக்கு இல்லை. "அவ்வளவு கொஞ்சம் ஈரத்துக்குள் எலக்ட்ரான் எப்படி சார் நீந்திப் போகிறது?" என்று கேட்டாள்.

அந்த "நீந்தி" என்ற சொல்தான் என்னை உறுத்தியது. பிழை அவளுடையதன்று. "கரைசலில் மின்சாரம் பாய்கிறது" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவன் நான். கம்பியில் ஓடும் எலக்ட்ரான் அப்படியே பீக்கருக்குள் குதித்து அக்கரை சேர்கிறது என்று பிள்ளைகள் நினைத்ததில் வியப்பென்ன?

எலக்ட்ரான் கம்பியோடும் தண்டோடும் நின்றுவிடுகிறது. கரைசலுக்குள் நகர்பவை அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏறிய துகள்கள்: சோடியம் எதிர்மின்முனையை நோக்கியும் குளோரைடு நேர்மின்முனையை நோக்கியும். முனைகளின் பரப்பில்தான் எலக்ட்ரான் கைமாறுகிறது. எதிர்மின்முனையில் நீர் அதை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் குமிழி விடுகிறது. நேர்மின்முனையில் குளோரைடு அதைக் கொடுத்துவிட்டுக் குளோரின் ஆகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, கைமாற்றம் நடந்ததற்கான சாட்சி. திண்ம உப்பிலும் இதே அயனிகள் இருக்கின்றன, ஆனால் படிகத்தில் இடம்பெயர முடியாதபடி பூட்டுண்டு கிடக்கின்றன. பூட்டைத் திறக்க நீர் வேண்டும், அல்லது 801 டிகிரியில் உப்பை உருக்க வேண்டும். இரண்டாவதற்கு நான் வகுப்பறையில் துணிந்ததில்லை. சர்க்கரையோ எவ்வளவு கரைத்தாலும் கடத்தாது. அது மூலக்கூறாகவே கரைகிறது, அயனி ஏதும் பிறப்பதில்லை.

இன்னொரு குழப்பமும் அன்று வெளிப்பட்டது. மின்சாரம் வந்துதான் உப்பைப் பிரிக்கிறது என்று பாதி வகுப்பு நம்பியிருந்தது. கரைந்த கணமே அயனிகள் பிரிந்துவிடுகின்றன, பேட்டரிக்காகக் காத்திருப்பதில்லை என்று 1884-இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் தம் ஆய்வேட்டில் எழுதியபோது உப்சாலா பல்கலைக்கழகம் குறைந்த தரம்தான் கொடுத்தது. 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையைச் சொன்னால் மதிப்பெண் குறைந்தவர்கள் முகம் மலரும், அதற்காகவே சொல்வேன்.

ஆனால் அயனி நகர்வதை வாயால் சொன்னால் யார் நம்புவது? கண்ணாடித் தகடு ஒன்றில் வடிதாளை நனைத்து ஒட்டி, நடுவில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பரல் ஒன்றை வைத்தேன். இரு முனைகளிலும் கிளிப் மாட்டி 20 வோல்ட் நேர்மின்னோட்டம் கொடுத்தேன். அதன் எதிர்மின்னூட்ட அயனிக்குத்தான் ஊதா நிறம். முதலில் அந்த நிறம் சுற்றிலும் சற்றுப் பரவியது. பிறகு கறையின் ஒரு பக்கம் மட்டும் நேர்மின்முனையை நோக்கி நாக்கு நீட்டத் தொடங்கியது. அவள் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். 10 நிமிடத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்.

"இவ்வளவு மெதுவாகவா? விளக்கு மட்டும் உடனே எரிந்ததே?"

நல்ல கேள்வி. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற அளவில் சோடியம் அயனி ஒரு மணி நேரத்தில் 2 சென்டிமீட்டர்கூட நகராது. ஆனால் இணைப்பு கொடுத்த நொடியில் கரைசலெங்கும் உள்ள அயனிகள் எல்லாம் ஒருசேர நகரத் தொடங்குகின்றன. விளக்கு எரிய, ஓர் அயனி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச்சேர வேண்டியதில்லை.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி இதைப் படமாக வரைந்துகொண்டிருந்தபோது பின்னால் சலசலப்பு. திரும்பிப் பார்த்தால், கேட்காமலே கிளிப்புகளை இடம் மாற்றி மாட்டியிருந்தாள். சிறிது நேரத்தில் ஊதாக் கறை வந்த வழியே மெல்லத் திரும்பத் தொடங்கியது. மின்இணைப்பை அணைக்காமல் கை வைத்ததற்காக அவளைக் கண்டிக்க வேண்டும் என்பது எனக்கு நினைவுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டிருந்தது.