சம்பா கோவில் சுவரும் எங்கள் ஊர்த் தேரும்

புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோவிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போகும்போதெல்லாம் என் கண் வடபக்கம் போய் நிற்கும். இன்று அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிக்க முந்துகிறவர்களைத் தவிர. ஆனால் 1745 அக்டோபர் வரை, இங்கிருந்த பழைய கோவிலின் வடபகுதியில் ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. அதற்கு ஒருபுறம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்கள் எனப்பட்ட ஐரோப்பிய-இந்தியக் கலப்பினத்தவரும் ஐரோப்பியர்களும் இருந்தார்கள். காரைக்காலிலிருந்து வந்திருந்த பாதிரியார் தூண்டிவிட, பறையர்கள் பெரிய பாதிரியாரிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. இதை நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் கிறிஸ்தவர் அல்லாத ஆனந்தரங்கப் பிள்ளை; பிரெஞ்சுக்காரர்களின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும்.

என்னை உறுத்துவது சுவர் இருந்தது என்பதைவிட, அது யாரை யாரோடு சேர்த்தது என்பதுதான். வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று நிறம் பார்த்துப் பிரிந்த ஊர் இது; அப்படிப்பட்ட ஊரில் கோவிலுக்குள் மட்டும் கோடு வேறு விதமாக விழுந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரரோடு ஒரே பக்கம் முழந்தாளிட முதலியாருக்குத் தடை இல்லை. தன் மொழியிலேயே செபம் சொல்லும் பறையரோடுதான் முடியவில்லை. நோயில் கிடக்கும் பறையரின் குடிசைக்குள்ளும் குருக்கள் போக வேண்டும் என்று திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் இதே புதுச்சேரியிலிருந்து ஆணையிட்டு நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகும் இந்த நிலைதான்.

அமெரிக்காவில் கோவிலுக்குள் இப்படிப் பிரிப்பது முரட்டுத்தனமாகவே நடந்தது. பிலடெல்பியாவின் செயிண்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் கோவிலில் முழந்தாளில் இருந்த கறுப்பினத்தவரான அப்சலோம் ஜோன்ஸை, செபம் முடியட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டும் விடாமல் இழுத்து எழுப்பினார்கள். கறுப்பின மக்கள் மொத்தமாக வெளியேறினார்கள். 1794இல் அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன் பெத்தேல் கோவிலைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் பேச்சு மென்மையாக இருந்தது. அங்கே டச்சு சீர்திருத்தச் சபையின் 1857ஆம் ஆண்டு மாமன்றம், எல்லோரும் ஒரே சபையில் சேர்ந்திருப்பதே வேதத்துக்கு உகந்தது என்று முதலில் ஒப்புக்கொண்டது. பிறகு, "சிலருடைய பலவீனத்தை" முன்னிட்டுத் தனிக் கட்டடத்தில் வழிபடலாம் என்று இடம் கொடுத்தது. 1881இல் வெள்ளையர் அல்லாதவர்களுக்குத் தனிச் சபையே உருவாகிவிட்டது. யாருடைய பலவீனத்துக்காக யார் எழுந்து வெளியே போனார்கள் என்று பாருங்கள்.

அந்த "பலவீனம்" என்ற சொல்லைப் படித்தபோது என் ஆயாவின் நினைவு வந்தது. கடலூரை அடுத்த எங்கள் ஊரில், திருவிழா இரவில் மாதா தேர் சாமந்தி மாலையும் சீரியல் விளக்குமாக ஊர்த் தெருக்கள் எல்லாம் சுற்றிவிட்டு, காலனி முனையில் நின்றுவிடும். காலனியில் இருப்பவர்களும் அதே பங்கைச் சேர்ந்தவர்கள்தாம்; அவர்கள் மெழுகுவர்த்தியோடு முனை வரை வந்து, கைகூப்பிவிட்டுத் திரும்புவார்கள். தேர் ஏன் உள்ளே போவதில்லை என்று பத்து வயதில் கேட்டேன். "உள்ள போனா தேர் திரும்ப எடம் பத்தாதுடா" என்றார் ஆயா. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டிருந்த காரணமே அதுதான்.

சென்ற ஆண்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தேர் வழக்கம்போல் முனையில் நின்றது. அன்று மாலைதான் குடிநீர் லாரி ஒன்று அந்தத் தெருவுக்குள் போய், கடைசி வீடு வரை குடங்களை நிரப்பி, அங்கேயே திரும்பி வெளியே வந்ததைப் பார்த்திருந்தேன்.